அம்புக்குறி காட்டிய பக்கம்

ராணுவக் கல்லறையில் புதிதாக வைத்த வெண்கலச் சிலை வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்பதைப் பற்றிப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. "பீடம் அமைத்த பணியாளரின் கவனக்குறைவால்" என்று போட்டிருந்தார்கள். பேர் போடவில்லை. பேரைப் போட்டுத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அந்தப் பணியாளர் குண்டக்கா. கவனக்குறைவு என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. பீடத்துக்குக் கயிறு கட்டியபோது அதன் மறுமுனையைப் பிடித்திருந்தவள் நான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் இருக்காது.

குண்டக்கா குண்டு இல்லை. ஊதினால் பறந்துவிடும் உடம்பு. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிற பித்தளைத் தூக்குக்குண்டு எப்போதும் அவள் பையில் இருக்கும். அதனால் வந்த பேர். புதிதாக வருகிற லாரிக்காரர்கள் அவளிடமே வந்து, "குண்டக்கா எங்கம்மா?" என்று கேட்பார்கள். "உங்க கண்ணு முன்னாடிதான் உருகிப் போனா. நான்தான் மிச்சம்" என்பாள்.

அவள் கணவர் நல்ல கொத்தனார். சாரம் சரிந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதுவரை அவருக்குக் கலவை சுமந்துகொண்டிருந்தவள் மறுவாரம் அவருடைய கரண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பெண் எங்கே சுவர் எழுப்புவது என்று எல்லாரும் சிரித்தார்கள். முதல் சுவரைக் கட்டி முடித்த அன்று வீட்டுக்காரர் வந்து, "உதைச்சுப் பாத்துட்டுத்தான் ஒத்துக்குவேன்" என்றாராம். "தாராளமா உதைங்க. கால் உடைஞ்சா கட்டுப் போடவும் எனக்குத் தெரியும், வீட்டுல பழக்கம்" என்றாளாம் இவள். அவர் உதைக்கவில்லை. கணவர் ஏழு வருஷம் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்தார்.

அவளுக்கு ஒரே தம்பி. அம்மா சாகும்போது அவனுக்கு ஆறு வயசு. இவளுக்கு அப்போதுதான் கல்யாணமாகி எட்டு மாசம். பிள்ளை மாதிரி வளர்த்தாள். பத்தொன்பது வயசில் அவன் இவளிடம் சொல்லாமல் பட்டாளத்தில் சேர்ந்தான். "சொன்னா விட்டிருக்க மாட்டே" என்று ஒரு வரி எழுதி, அடுப்படியில் டீத்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனான். இரண்டு வருஷம் கழித்துப் பெட்டியில் வந்தான். கல்லறையின் கடைசி வரிசையில் பதினோராவது கல் அவனுடையது.

குடும்பத்தார் உள்ளே போய்ப் பார்க்க மாசத்தில் இரண்டு நாள்தான் உண்டு. மழைக்காலம் முடிந்து அவள் போனபோது தம்பியின் கல் சாய்ந்திருந்தது. தூக்குக்குண்டை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு விரல் சாய்வு. மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னாள். இடுப்பில் ஒரு கிலோ சாவி தொங்குவதால் அவருக்குச் சாவிக்கொத்து என்று பேர். "எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. ஆவன செய்வாங்க" என்றார். எழுதிக் கொடுத்தாள். அடுத்த தடவை மூன்று விரல் ஆகியிருந்தது. மறுபடி எழுதினாள். மூன்றாவது தடவை காகிதத்தை விட்டுவிட்டுக் கடப்பாரையும் ஒரு பை ஜல்லியும் கொண்டுவந்துவிட்டாள்.

காவலாளி விசில் அடித்தான். சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க ஓடி வந்தார்.

"ஏம்மா, கல்லைத் தொடக் கூடாது! அது அரசாங்கச் சொத்து!"

"கல்லு அரசாங்கத்தோடது. சரி. அடியில படுத்திருக்கிறவன் என் தம்பி. உங்க கல்லை நீங்களே நேரா நிறுத்துங்க. தெரியலன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

அரைமணி நேரத்தில் கல் நேராகிவிட்டது. ஆனால் அந்த ஒன்று நேரானதும் அந்த வரிசையில் மற்ற முப்பத்தொன்பது கல்லும் குடித்துவிட்டு நிற்பது போலத் தெரிந்தது. சாவிக்கொத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வருவதாக இருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மிச்சத்தையும் இப்படிச் செய்ய எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார். அப்படித்தான் அவளுக்கு அங்கே வேலை கிடைத்தது.

நான் மூன்றாவது வருஷம் வந்து சேர்ந்தேன். கலவை போடுவதும் கயிறு பிடிப்பதும் என் வேலை. எனக்கு ஆள் முன்னால் பேச வராது. அதனால் குண்டக்கா எனக்கு வாயாடி என்று பேர் வைத்தாள். "வாயாடி, கொஞ்சம் அமைதியா இரு, காது வலிக்குது" என்பாள். நான் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

மொத்தம் பத்தொன்பது வரிசை. மழை பெய்தால் மண் இளகும். கல் ஒரு பக்கமாக இறங்கும். வரிசையின் இரண்டு முனையிலும் இரும்பு முளை அடித்து, இடையில் கயிறு கட்டி, ஒவ்வொரு கல்லாகக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, அடியில் ஜல்லியைத் திணித்து நேராக்குவோம். கடைசி வரிசைக்கு வரும்போது அடுத்த மழையே வந்துவிடும். மறுபடி முதல் வரிசை. தம்பியின் கல்லை அவள் ஒருநாளும் முறை தவறி முதலில் தொட்டதில்லை. "வரிசைன்னா வரிசைதான். பட்டாளத்துல அவனும் அப்படித்தானே நின்னிருப்பான்" என்பாள். ஆனால் தினம் மதியம் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அந்த வேலையில் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். வெளியாளாக இருந்தால் மாசத்தில் இரண்டு நாள். வேலையாளாக இருந்தால் தினமும்.

இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. வாசலைத் தாண்டினால் கல் பாவிய முற்றம். நினைவு நாளன்று அதில் கூடாரம் போட்டு விருந்தினருக்கு நாற்காலி போடுவார்கள். முற்றத்தின் அந்தக் கோடியில் ஒலிவாங்கி. அதற்கு அப்பால் பத்தொன்பது வரிசைக் கல்லறைகள். எல்லாவற்றுக்கும் பின்னால் மதில் சுவர். மதிலை ஒட்டி நாலு முழ அகலத்தில் மண் தரை. அங்கே ஒரு கயிறு கட்டிக் குடும்பத்தாரை அதற்குப் பின்னால் நிறுத்துவார்கள். பேசுகிறவர்கள் எல்லாம் நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவார்கள். கல்லறைகள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், படத்தில் அழகாக விழும். ஒலிபெருக்கியும் அந்தப் பக்கம்தான். பெற்றவர்களுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் தெரிவது பேசுகிறவரின் முதுகு. கேட்பது கைதட்டல்.

வேலையாளாக இருந்தும் நினைவு நாளன்று குண்டக்கா கயிற்றுக்குப் பின்னால்தான் நிற்பாள். ஒருமுறை அவள் பக்கத்தில் நின்ற தபால்காரர் ஒருவர், நாலாவது வரிசையில் மகனை வைத்திருக்கிறவர், "இன்னிக்குப் பேசுறவரு யாருங்க?" என்று கேட்டார். "தெரியலண்ணே. ஆனா தையல்காரர் நல்ல தையல்காரர். முதுகுல ஒரு சுருக்கம் இல்ல பாருங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முற்றத்திலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்து முறைத்தார். அந்த வருஷம் எங்கள் பக்கம் திரும்பிய ஒரே முகம் அது.

போன வருஷம் சிலை வைக்கத் தீர்மானம் ஆனது. ஒலிவாங்கி நிற்கிற இடத்தில் பீடம் எழுப்ப வேண்டும். கல்லறைக்குப் பொறுப்பான ராணுவ அதிகாரி வந்து குண்டக்காவிடம் வேலையைச் சொன்னார். அவருக்கு நாங்கள் வைத்த பேர் இஸ்திரி. அவர் சட்டைக் கை மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம். கெட்ட மனுஷர் இல்லை. அழுக்குத்தான் ஆகாது.

சிலை செய்கிறவரும் அளவு பார்க்க வந்தார். விரல் இடுக்கெல்லாம் மெழுகு படிந்த, மெலிந்த மனுஷர். சிலையின் படத்தைக் காட்டினார். ஒரு சிப்பாய், காயம்பட்ட இன்னொருவனைத் தோளில் தாங்கி நடத்திக் கூட்டிக்கொண்டு வருகிறான். காயம்பட்டவனின் தலை தொங்கியிருக்கிறது. தாங்குகிறவன் நிமிர்ந்து நேரே பார்க்கிறான், யாரோ ஒருவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவன் போல.

குண்டக்கா படத்தை வெகுநேரம் பார்த்தாள். "யாரைப் பாத்து வர்றான் இவன்?" என்றாள்.

சிற்பி தயங்கினார். "நான் முதல்ல வரைஞ்சப்போ கல்லறைங்களைப் பாத்து வர்ற மாதிரிதான் வரைஞ்சேன். அந்தக் கடைசியில வீட்டு ஆளுங்க நிப்பாங்கன்னு சொன்னாங்க. அவங்ககிட்ட கூட்டிட்டு வர்றான்னு நெனச்சேன். கமிட்டியில முற்றத்தைப் பாத்து வைக்கணும்னுட்டாங்க. விருந்தினருக்கு முகம் தெரியணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது. அவங்க இஷ்டம்."

"செஞ்சது நீங்க. இஷ்டம் மட்டும் அவங்களோடதா? நல்லாயிருக்கு நியாயம்."

அவர் கீழே குனிந்து தன் விரல் மெழுகைச் சுரண்டினார்.

பத்து நாள் கழித்து அவர் ஒரு பலகை அனுப்பினார். சிலையின் அடித்தகட்டில் ஐந்து துளைகள் உண்டு. அதே ஐந்து துளைகள் பலகையிலும் இருக்கும். பலகையில் போல்ட்டுகளைத் தொங்கவிட்டு, பலகையைப் பீடத்தின்மேல் வைத்துக் கான்கிரீட் போட்டுவிட்டால், சிலை வந்ததும் துளைகள் போல்ட்டுகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிலையின் பாரம் தாங்குகிறவனின் ஒரு காலில்தான் இறங்குகிறது. அதனால் அந்தப் பக்கம் மூன்று போல்ட்டு, மறுபக்கம் இரண்டு. திருப்பி வைத்தால் பொருந்தாது. முகம் எந்தப் பக்கம் என்று பலகையில் சிவப்பு மையில் பெரிய அம்புக்குறி போட்டு, "முன்பக்கம்" என்றும் எழுதியிருந்தார்.

கான்கிரீட் போடுகிற அன்று காலை கம்பி கட்டி முடித்தோம். குண்டக்கா ஒரு கயிற்றின் முனையை என்னிடம் கொடுத்து, "கடைசி மதில் வரைக்கும் போ" என்றாள். நான் அவள் தம்பியின் கல்லை நோக்கி நடந்தேன். கொஞ்ச நாளாக அவள் மனசில் ஏதோ ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.

"எங்கடி போறே? நடுவுல நில்லு. குடும்பத்தாரைக் கட்டிவைக்கிற கயிறு இருக்குல்ல, அதோட நட்டநடுவுல."

"தம்பி கல்லுக்குன்னு நெனச்சேன்."

"அவனுக்கு மட்டும்னா அது திருட்டு. போ, நடுவுல போய் நில்லு."

அடி அளந்து நடுவில் போய் நின்றேன். கயிற்றை விறைப்பாக இழுத்தாள். அந்தக் கயிற்றின் நேருக்கு அம்புக்குறியை வைத்துப் பலகையை இறுக்கினாள். அம்பு என்னைப் பார்த்தது. நான் திரும்பி வந்து பார்த்தேன்.

"அக்கா, அம்புக்குறி..."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"இஸ்திரி வருவாரே."

"வரட்டும். கண்ணு அவருக்கும் இருக்கு."

அதை அவள் மறைக்கவில்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஒரு சாக்கை எடுத்து மூடியிருக்கலாம், ஒரு கரண்டி கலவையை அதன்மேல் சிதறவிட்டிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. பழந்துணியால் அம்புக்குறியைத் துடைத்தே வைத்தாள்.

பதினோரு மணிக்கு இஸ்திரி வந்தார். பீடத்தைச் சுற்றி ஒரே சேறு. அவருடைய பூட்ஸ் கண்ணாடி போல இருந்தது. பாவிய கல்லின் ஓரத்தில் நின்றுவிட்டார்.

"மட்டம் பாத்தாச்சாம்மா?"

குண்டக்கா ரசமட்டத்தைப் பலகைமேல் வைத்தாள். உள்ளே இருக்கிற குமிழி ஆடி அடங்கியது.

"குமிழி நடுவுல இருக்கா?" என்றார் அங்கிருந்தே.

"இருக்கு சார். வந்து பாருங்க."

"இருந்தா சரி."

"அம்புக்குறியையும் வந்து ஒரு தடவை பாத்துடுங்க சார். அப்புறம் மாத்த முடியாது."

"அம்பு இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன." சாவிக்கொத்து நீட்டிய அட்டையில் கையெழுத்துப் போட்டார். "சரிபார்க்கப்பட்டது" என்று அச்சிட்ட இடத்தில். போய்விட்டார்.

குண்டக்கா என்னைப் பார்த்தாள். "கேட்டியா வாயாடி?"

"கேட்டேன்."

"அப்ப கலவையைக் கொட்டு."

கொட்டினேன். போல்ட்டு ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அடியில் கொக்கி போல வளைத்து, கம்பிக்குள் நுழைத்துக் கட்டியிருந்தாள். அதற்குமேல் கான்கிரீட் ஏறியதைப் பார்த்தபோது, இனி இந்த ஊரே வந்தாலும் அசைக்க முடியாது என்று நினைத்தேன்.

நினைவு நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது சிலை லாரியில் வந்தது. கிரேன் அதைத் தூக்கி, முற்றத்தைப் பார்க்க வைத்து மெல்ல இறக்கியது. துளை போல்ட்டில் இறங்கவில்லை. ஏற்றி, நகர்த்தி, மறுபடி இறக்கினார்கள். இல்லை. கிரேன்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "இது மல்லுக்கட்டுனாலும் இப்படி உக்காராதுங்க. அரைச் சுத்துத் திருப்புனா உக்காரும்" என்றார். திருப்பினார்கள். பானைக்கு மூடி போல உட்கார்ந்தது. வெண்கலச் சிப்பாய் பத்தொன்பது வரிசையைத் தாண்டி மதிலைப் பார்த்து நின்றான்.

இஸ்திரி முகத்தில் ரத்தம் இல்லை. சிலையோடு வந்திருந்த சிற்பியைப் பார்த்து, "வேற துளை போட முடியுமா?" என்றார்.

சிற்பி வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்தார். "நாலு நாள்ல முடியாது சார்." கொஞ்சம் நின்று, தரையைப் பார்த்தபடி, "நான் வரைஞ்சதும் இப்படித்தான் சார்" என்றார். அந்த மனுஷர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிசு.

எங்களை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. மேஜை, இரும்பு அலமாரி, சுவர் நிறைய சாவி மாட்டிய பலகை. சாவிக்கொத்து ஒரு காகிதம் எழுதி வைத்திருந்தார். அம்புக்குறியைக் கவனக்குறைவால் தவறாக வைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று இருந்தது. குண்டக்கா எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

"கையெழுத்துப் போட்டுடு தாயே" என்றார் சாவிக்கொத்து. "தப்பு நடக்கிறது சகஜம். ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும். வேலை இருக்கும்."

"தப்பு எங்க நடந்துச்சு?"

"சிலை திரும்பி நிக்குதேம்மா!"

"சிலை சரியாத்தான் நிக்குது. நூல் பிசகல. வேணும்னா குண்டு போட்டுப் பாருங்க."

இஸ்திரி மேஜையில் தட்டினார். "வேணும்னே செஞ்சேங்கிறியா?"

"ஆமா சார். வேணும்னேதான் செஞ்சேன்."

"உன்னை யார் கேட்டா?"

"யாரும் கேக்கல சார். பத்து வருஷமா எங்களை யாருமே எதுவும் கேக்கல. அந்தக் கயித்துக்குப் பின்னாடி நிக்கிறோம். வர்றவங்க முதுகைப் பாக்குறோம், வீட்டுக்குப் போறோம். மனுஷங்க முதுகு காட்டினாங்க, பொறுத்துக்கிட்டோம். எங்க பிள்ளைங்களுக்குன்னு செஞ்ச சிலையுமா முதுகைக் காட்டணும்?"

இஸ்திரி காகிதத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு குரலை இறக்கி, "இதோ பாரு. இதுல போட்டா நாளைக்கும் நீ உள்ள வரலாம். போடலேன்னா எல்லாரையும் போல மாசத்துல ரெண்டு நாள்தான். யோசிச்சுக்க" என்றார். அவள் மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் அவள் முகம் மாறியது. காகிதத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். போட்டுவிடு அக்கா என்று மனசுக்குள் சொன்னேன். அவள் தூக்குக்குண்டைப் பையிலிருந்து எடுத்து, காகிதம் பறக்காமல் அதன்மேல் வைத்தாள்.

"என் வீட்டுக்காரர் விழுந்தப்போ, கொத்தனார் கவனக்குறைவுன்னுதான் சார் எழுதினாங்க. சாரம் கட்டினவனைப் பத்தி ஒரு எழுத்து இல்ல. அன்னிக்கு எனக்கு இவ்வளவு படிக்க வராது. கைநாட்டு வெச்சுட்டு வந்தேன். இன்னிக்குப் படிக்க வரும்." காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். "வேணும்னே செஞ்சேன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு கையெழுத்துப் போடுறேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீதானே கூட இருந்தே? அவ தெரியாம வெச்சதைப் பாத்தேன்னு நீ சாட்சி போடு. அது போதும். அவளுக்கும் நல்லது."

குண்டக்கா என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்த்திருந்தால் ஒருவேளை பேசியிருக்க மாட்டேன்.

"வந்து பாருங்கன்னு அவங்க உங்களைக் கூப்பிட்டாங்க சார்" என்றேன். "அம்புக்குறியைப் பாருங்கன்னும் சொன்னாங்க. நீங்க சேத்துல இறங்கல. நான் பக்கத்துல இருந்தேன்."

அந்த ஆபீஸில் நான் பேசியது அவ்வளவுதான். வெளியே வந்ததும் குண்டக்கா, "இத்தனை வருஷம் சேத்துவெச்சு இங்க வந்து கொட்டிட்டியேடி" என்றாள். சிரித்தாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். என்னை நிறுத்தவில்லை. நினைவு நாளுக்குள் பீடத்துக்குக் கல் ஒட்டிப் பூசி முடிக்க வேறு கை அவர்களிடம் இல்லை.

சிலையைத் திருப்ப முடியாவிட்டால் நாற்காலியைத் திருப்பலாம் என்று அந்த நாலு நாளும் முயன்றார்கள். சிலையின் முகத்துக்கு முன்னால் இருப்பது கல்லறைகள். அங்கே நாற்காலிக் கால் ஊன்றக் கூடாது என்பது அவர்களே பலகையில் எழுதி மாட்டிய சட்டம். மதிலோரத்து மண் தரையில் கூடாரத்தின் கம்பமே நிற்கவில்லை, சேற்றில் இறங்கியது. கடைசியில் எல்லாம் பழைய இடத்துக்கே வந்தது. விருந்தினர் முற்றத்தில் இருந்து சிலையின் முதுகைப் பார்த்தார்கள்.

தலைமை விருந்தினர் மலர்வளையம் வைக்க எழுந்தார். நரைத்த தலை, நெஞ்சு நிறையப் பதக்கம். சிலையின் முதுகில் வளையம் வைக்க முடியாது. அவர் இஸ்திரியிடம் குனிந்து, "ஏன் இப்படித் திரும்பி நிக்குது?" என்று கேட்டார். இரண்டடி தள்ளி வளையத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

"வடிவமைப்பே அப்படித்தான் சார்" என்றார் இஸ்திரி, கண் இமைக்காமல்.

பெரியவர் பீடத்தைச் சுற்றிக்கொண்டு முதல் வரிசைக் கற்களுக்கு இடையே போய் வளையத்தை வைத்தார். நிமிர்ந்து திரும்பினார். திரும்பினால் எதிரே பத்தொன்பது வரிசைக் கல், அதற்கு அப்பால் கயிறு, கயிற்றுக்குப் பின்னால் முந்நூறு பேர். அவருக்கு முன்னால் ஒலிவாங்கி இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கயிற்றுக்குப் பின்னாலிருந்து தபால்காரர் கத்தினார். "ஐயா! இத்தனை வருஷத்துல இப்பத்தான் ஒரு முகத்தைப் பாக்குறோம்! அங்கயே நில்லுங்க!"

கத்திவிட்டுக் கயிற்றைத் தூக்கிக் குனிந்து இந்தப் பக்கம் வந்தார். வரிசைகளுக்கு நடுவே நடந்தார். அவர் பின்னால் ஒரு தாய். அப்புறம் யார் யாரோ. காவலாளி விசிலை வாயில் வைத்தான், ஊதவில்லை. எல்லாரும் சிலைக்கு முன்னால் வந்து அண்ணாந்து நின்றார்கள். பெரியவர் ஒவ்வொருவரிடமும், "உங்க பிள்ளை எந்த வரிசை?" என்று கேட்டார். ஒலிபெருக்கி முற்றத்துக்கு வெறும் கரகரப்பை அனுப்பிக்கொண்டிருந்தது. நாற்காலிக்காரர்கள் கழுத்தை நீட்டி, எழுந்து நின்று பார்த்தார்கள்.

குண்டக்கா வரவில்லை. கயிறு மட்டும் தாண்டி, கடைசி வரிசையில் பதினோராவது கல்லின்மேல் கை வைத்து நின்றுகொண்டாள். அங்கிருந்து சிலையின் முகம் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது போல.

விருந்தினரிடம் வடிவமைப்பு என்று சொன்னவர்கள் கோப்பில் கவனக்குறைவு என்று எழுதினார்கள். பத்திரிகைக்குப் போனது கோப்பு. அவள் கையெழுத்து அதில் இல்லை. என் சாட்சியும் இல்லை.

போன மாசம் சிலையைத் திருப்பி வைக்க ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். பீடத்தின் ஒரு மூலையைத் தட்டிப் பார்த்தார். பீடத்தின் வரைபடத்தைப் பார்த்தார். போல்ட்டின் நீளத்தை என்னிடம் கேட்டார். முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். அடியில் கொக்கி என்று விரலை வளைத்துக் காட்டினேன். "யாரு வெச்சது இது? இதை எடுக்கணும்னா பீடத்தையே பெயர்க்கணும். பெயர்த்தா முதல் வரிசைக் கல்லு பத்துப் பதினைஞ்சு ஆடிடும்" என்று சாவிக்கொத்திடம் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை.

அவளுக்குப் பதில் வந்த கொத்தனார் ரசமட்டத்தை நம்புகிறவர். மழைக்குப் பிறகு மூன்று வரிசை மறுபடி சாய்ந்துவிட்டது.

குண்டக்கா இப்போது மாசத்தில் இரண்டு நாள் வருகிறாள். மற்ற நாளில் ஊரில் சுவர் கட்டுகிறாள். போன ஞாயிறு வந்தபோது தம்பியிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, நேரே பீடத்துக்கு வந்தாள். பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, பீடத்தின் விளிம்பில் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டாள். சாவிக்கொத்து ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தார். குண்டு ஆடி ஆடி நின்றது. கயிற்றுக்கும் கல்லுக்கும் நடுவே மேலே எவ்வளவு இடைவெளியோ கீழேயும் அவ்வளவே.

"வாயாடி, இங்க வந்து பாரு" என்றாள், சாவிக்கொத்துக்குக் கேட்கும்படி. "ஒரு மழை முழுசா குடிச்சிருக்கு. ஒரு நூல் அசையல. இதைத்தான் தப்புன்னு எழுதச் சொன்னாங்க."

குண்டைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். போகும்போது ஏழாவது வரிசையில் சாய்ந்திருந்த ஒரு கல்லுக்கு முன்னால் நின்றாள். இரண்டு விரல் வைத்து அளந்து பார்த்தாள். பிறகு ஆபீஸைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சார், கடப்பாரை எங்க வெச்சிருக்கீங்க?"